லேப்டாப்பில் ஹெட்போன் ஒலி சரியில்லையா? டாக் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டால் திருப்தியாக இல்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “ஒரு டாக் வாங்கிப் போடு” என்பதுதான் முதலில் வரும் பதில். சிலருக்கு அது சரியான யோசனை. பெரும்பாலானவர்களுக்கு வீண் செலவு.

டாக் என்பது கோப்பில் எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் சில்லு. ஆம்ப் என்பது அந்த அலைக்கு ஹெட்போனை இயக்கும் அளவுக்குப் பலம் கொடுப்பது. இரண்டுமே உங்கள் லேப்டாப்பின் ஜாக்குக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியே தனியாக வாங்கினால் அந்த வேலையை வேறொரு பெட்டிக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். உள்ளே இருப்பது மோசமாக இருந்தால் மட்டுமே மாற்றுவதில் பலன் உண்டு. என் கணக்கில் ஒலியை அதிகம் மாற்றுவது ஹெட்போன், அடுத்தது ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருள்), அப்புறம் ஆம்ப், கடைசியில்தான் டாக். கடைக்காரர்களின் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழாக இருக்கும். இந்த வழிகாட்டி காசில்லாமல் செய்யக்கூடியதில் தொடங்கி மேலே போகிறது. எந்தப் படியில் குறை தீர்கிறதோ அங்கேயே நின்றுவிடலாம்.

முதல் படி: குறை என்ன என்று பிரித்துப் பாருங்கள்

“ஒலி சரியில்லை” என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும்.

சத்தத்தை முழுதாக ஏற்றியும் போதவில்லை என்றால் அது ஆம்ப் சம்பந்தப்பட்டது. பாட்டு நின்ற பிறகும் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வருகிறது, மவுஸை நகர்த்தினால் கிர்ரென்கிறது என்றால் லேப்டாப்புக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஜாக் வரை வந்துவிடுகிறது; இதற்கு வெளி டாக் நல்ல மருந்து. பேஸ் (கும்மென்ற தாழ்ந்த ஒலி) இல்லை, அல்லது கீச்சென்று காதைக் குத்துகிறது என்றால் குறை ஹெட்போனில் இருக்கிறது. எத்தனை ஆயிரத்துக்கு டாக் வாங்கினாலும் அது போகாது. ஃபோனில் பேசுவது போல மொத்தப் பாட்டும் மங்கலாகக் கேட்டால், பெரும்பாலும் ப்ளூடூத் பிரச்சினை.

வேடிக்கையான ஒன்றும் உண்டு: பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், வாத்தியங்கள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பிளக்கின் எர்த் வளையம் ஜாக்கில் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மிச்சம்தான் காதில் விழுகிறது. குரல் பெரும்பாலும் நடுவில் பதிவாவதால் முதலில் அதுதான் மறையும். பிளக்கை அழுத்திச் செருகுங்கள். ஜாக்கில் பஞ்சோ தூசியோ அடைந்திருந்தால், லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

இரைச்சல் இருந்தால் ஒரு சோதனை: சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. நம் வீடுகளில் எர்த் ஒழுங்காக இல்லாத பிளக் பாயிண்ட்கள் நிறைய. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று உணர்வதும் பெரும்பாலும் இதனால்தான். எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பது ஒலிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது.

இரண்டாவது படி: லேப்டாப் செட்டிங்கும் பாட்டின் தரமும்

விண்டோஸ் லேப்டாப் என்றால் தயாரித்த நிறுவனம் தன் பங்குக்கு ஏதாவது ‘ஒலி மேம்பாடு’ மென்பொருளைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கும். சின்ன ஸ்பீக்கரைப் பெரிதாகக் காட்டச் செய்த தந்திரங்கள் அவை. ஹெட்போனில் எதிரொலியாகவும் செயற்கை பேஸாகவும் வந்து விழும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள். தயாரிப்பாளரின் தனி ஆப் இருந்தால் அதிலும் அணையுங்கள். பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதியையும் பார்த்துவிடுங்கள். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் வசதி அங்கே இருக்கிறது. மீட்டிங் நேரத்தில் பாட்டுச் சத்தம் திடீரென்று இறங்குவதற்கு இதுதான் காரணம். ‘எதுவும் செய்யாதே’ என்று மாற்றிவிடலாம்.

ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அதன் டாக்கும் ஆம்ப்பும் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன. லேப்டாப்பில் நீங்கள் செருகும் எந்த டாக்கும் அதைத் தொடாது. மீட்டிங் ஆப் அந்த ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தும்போது இணைப்பு ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய், டெலிபோன் ஒலி வந்துவிடும். ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.

அப்புறம் மூலம். ஸ்பாட்டிஃபையில் தரத்தைத் தானியங்கியில் விடாமல் நீங்களே உயர்த்தி வையுங்கள். வெரி ஹை என்றால் 320 கேபிபிஎஸ். அங்கே லவுட் என்ற சத்த அளவு இருந்தால் நார்மலுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் லவுட்டில் உச்சங்கள் அமுக்கப்படும். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காத கோப்பு, தருகிறது, ஆனால் செட்டிங்கில் போய் நாம்தான் இயக்க வேண்டும். யாரோ கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றிய பழைய பாட்டுக்கு மட்டும் எந்தக் கருவியும் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல ஹெட்போன் போட்டால் அதன் குறை இன்னும் தெளிவாகக் கேட்கும்!

மூன்றாவது படி: ஹெட்போன்

கையில் இருப்பது ஃபோனோடு இலவசமாக வந்த இயர்போன் என்றால், இருக்கிற பணம் முழுவதையும் இங்கேயே போடுங்கள். விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல இல்லை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றின் அதிர்வெண் வளைவுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே காணவில்லை. அதாவது பேஸும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலிகள்) எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதை விலைச்சீட்டு சொல்லாது. காசு பெரும்பாலும் கட்டுமானத்துக்கும் சொகுசுக்கும் பெயருக்கும் போகிறது.

இன்று இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் 7ஹெர்ட்ஸ், மூன்ட்ராப் போன்ற சீன நிறுவனங்களின் வயர் இயர்போன்கள் கிடைக்கின்றன. அந்த விலையில் பத்து வருஷத்துக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத ஒலி. காதுக்குள் போகும் வகையில் ஒரு விஷயம் முக்கியம்: ரப்பர் நுனி காதை முழுதாக அடைக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் பேஸ் ஓடிவிடும். பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று என்பதும் சகஜம்.

பெரிய ஹெட்போன் என்றால் காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் திறந்த வகையா மூடிய வகையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். திறந்த வகையில் ஒலி விசாலமாக இருக்கும், காதும் வேர்க்காது; ஆனால் ஃபேன் சத்தம், குக்கர் விசில், தெருவில் போகும் காய்கறி வண்டி எல்லாம் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். தனி அறை இருந்தால் சென்ஹைசர் எச்டி 600 போன்ற திறந்த வகை. இல்லையென்றால் ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், சோனி எம்டிஆர் 7506 மாதிரி மூடிய வகை. நம் வெயிலுக்கு ரெக்சின் உறையைவிடத் துணி உறை கொண்ட பேட் சுகம்.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கச்சேரிப் பதிவு ஒன்று எடுத்துப் போங்கள். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பி அடி கேட்டால் கும் என்று வந்து சட்டென்று நிற்க வேண்டும். நீண்டு கொழகொழவென்று போனால் பேஸ் அதிகம். நாகஸ்வரம் மேல் ஸ்தாயியில் போகும்போது காது கூசினால் அந்த ஹெட்போனின் ட்ரெபிள் ஓரிடத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. விளம்பரத்துக்காகச் செய்த டெமோ பாட்டில் இதெல்லாம் தெரியாது.

நான்காவது படி: ஈக்வலைசர்

காசில்லாமல் கிடைக்கும் மாற்றங்களில் இதுதான் பெரியது. புதியவர்கள் பெரும்பாலும் தொடாததும் இதுதான். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள், மேக்கில் ஈக்யூமேக், லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ்.

ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவும் அவர் குழுவும் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து, பெரும்பாலானோருக்குப் பிடித்த ஒலி எந்த வளைவில் இருக்கிறது என்று கண்டறிந்தார்கள். ஆட்டோஇக்யூ என்ற இலவசத் திட்டம், ஆயிரக்கணக்கான ஹெட்போன் அளவீடுகளை வைத்து, ஒவ்வொன்றையும் அப்படிப்பட்ட இலக்குக்குப் பக்கத்தில் கொண்டுவரத் தேவையான அளவுகளைத் தருகிறது. உங்கள் மாடல் பெயரைத் தேடி, ஈக்வலைசர் ஏபிஓ வடிவத்தில் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

இரண்டு கவனம் வேண்டும். ப்ரீஆம்ப் என்ற இடத்தில் மைனஸ் 6 டெசிபல் போல ஒரு எண் இருக்கும். சத்தம் குறைகிறதே என்று அதை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் கூட்டிய இடங்களில் ஒலி உடையும். இன்னொன்று, மிக உயர்ந்த அதிர்வெண்களில் ஒவ்வொருவர் காதும் வேறு, அளந்த கருவியும் வேறு. கூச்சமாக இருந்தால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள திருத்தங்களை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

ஐந்தாவது படி: ஆம்ப் தேவையா? கணக்குப் போடுங்கள்

இங்கேதான் ஊரெங்கும் குழப்பம். “250 ஓம் ஹெட்போனா? பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடாது” என்பார்கள். ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, சென்சிட்டிவிட்டியும், அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதும், வேண்டும். இரண்டும் பெட்டியிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கும்.

பல லேப்டாப் ஜாக்குகளும், யூஎஸ்பியில் செருகும் எளிய டாங்கிள்களும் ஒரு வோல்ட்டை ஒட்டித் தருபவை. ஒரு வோல்ட்டில் உங்கள் ஹெட்போன் எவ்வளவு சத்தம் போடும் என்று பார்க்க, ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று கொடுத்திருக்கும் எண்ணோடு இதைக் கூட்டுங்கள்: 16 ஓம் என்றால் 18, 32 என்றால் 15, 50 என்றால் 13, 80 என்றால் 11, 250 என்றால் 6, 300 என்றால் 5, 600 என்றால் 2. சில நிறுவனங்கள் நேராக ஒரு வோல்ட்டுக்கே கணக்குச் சொல்லிவிடும். அப்போது எதையும் கூட்ட வேண்டாம்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம் வகை. அதன் சென்சிட்டிவிட்டி 96. ஆறு கூட்டினால் 102 டெசிபல். நீங்கள் சராசரியாக 75 டெசிபலில் கேட்கிறீர்கள், பாட்டின் உச்சங்கள் அதற்கு மேல் 20 போகின்றன என்று வைத்தாலும் தேவை 95. ஈக்வலைசருக்கு 6 கழித்தால்கூட 96 மிஞ்சுகிறது. ஆம்ப் இல்லாமல் ஓடாது என்று பயமுறுத்தப்படும் ஹெட்போன் இது!

மாறாக ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் சென்சிட்டிவிட்டி 83.5. கூட்டினால் 96.5, ஈக்வலைசருக்குக் கழித்தால் 90 சொச்சம். இதற்கு உண்மையாகவே மின்சாரம் தள்ளக்கூடிய ஆம்ப் வேண்டும். ஓம் பெரிதாக இருந்தால் வோல்ட் வேண்டும், சென்சிட்டிவிட்டி தாழ்ந்து ஓமும் சிறிதாக இருந்தால் கரண்ட் வேண்டும். தட்டையான சவ்வு கொண்ட பிளேனார் வகை வாங்குபவர்கள் இரண்டாவதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கில் 105-க்கு மேல் வந்தால் சத்தத்துக்காக எதுவும் வாங்க வேண்டாம். 100-க்குக் கீழே வந்தால் யோசியுங்கள். காதையும் மறக்க வேண்டாம்: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் மூன்று டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும்.

2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ, 2022-இன் எம்2 மேக்புக் ஏர் போன்றவை வைத்திருந்தால் இந்தப் படியைப் பெரும்பாலும் தாண்டலாம். அவற்றின் ஜாக் ஹெட்போனின் ஓமை அளந்து, 150-க்கு மேல் இருந்தால் 3 வோல்ட் வரை தரும், குறைந்த ஓமுக்கு 1.25 வோல்ட் வரை.

ஆறாவது படி: டாங்கிள்

இரைச்சல் போகவில்லை, அல்லது ஜாக்கே இல்லை, அல்லது கணக்கில் கொஞ்சம் குறைகிறது என்றால் யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் போதும். கட்டைவிரல் அளவு, உள்ளே டாக்கும் ஆம்ப்பும் சேர்ந்தே இருக்கும்.

ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி முதல் 3.5 மிமீ வரையிலான சின்ன அடாப்டர் வெறும் வயர் அல்ல, அதற்குள்ளும் டாக் இருக்கிறது. விலை ஆயிரம் ரூபாய் அளவில். விண்டோஸ் லேப்டாப்பிலும் ஒழுங்காக ஓடும், மைக்கும் வேலை செய்யும், அளவீடுகளும் சுத்தம். இரண்டு குறைகள்: பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சத்தம் மிகவும் குறைவாக வரும், ஐரோப்பாவில் விற்கும் வகைக்கு வெளியீடு பாதிதான். பாரிஸிலிருந்து வரும் சித்தப்பாவிடம் இதை மட்டும் வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

ஃபோனுக்கும் சேர்த்து வேண்டும், இன்னும் பலம் வேண்டும் என்றால் ஃபியோ, மூன்ட்ராப் நிறுவனங்களின் டாங்கிள்கள். வாங்குமுன் மூன்றைச் சரிபாருங்கள். மைக் வேலை செய்யுமா? இசைக்கென்று விற்கும் பல டாங்கிள்களில் செய்யாது, ஆபீஸ் மீட்டிங்கில்தான் தெரியும். உங்கள் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றி ஒன்று வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும், ஆனால் டேட்டா போகும் வகையாகப் பார்த்து எடுங்கள், சார்ஜுக்கு மட்டுமானது உதவாது. மூன்றாவது, வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது டாங்கிளின் சொந்த மின்தடை. இது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள். மீறினால் சில இயர்போன்களில் பேஸோ ட்ரெபிளோ இடம் மாறும். நல்ல டாங்கிள்கள் பெரும்பாலும் இந்த விதிக்குள் அடங்கிவிடும். பழைய லேப்டாப் ஜாக்குகள்தான் சந்தேகம்.

டிரைவர் பற்றிப் பயம் வேண்டாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இப்படிப்பட்ட டாங்கிள்கள் பயன்படுத்தும் யூஎஸ்பி ஆடியோ 2-க்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

மேசையில் வைக்கும் பெரிய ஆம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச்இ-6 போன்ற பிடிவாதமான ஹெட்போன் இருந்தால், அல்லது கையால் திருகும் வால்யூம் குமிழ் பிடிக்கும் என்றால் வாங்குங்கள். இரண்டாவதும் நியாயமான காரணம்தான். ஆனால் அதைத் தெளிவுக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பெட்டியில் 384 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள்), 32 பிட் (ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு நுணுக்கம்) என்று பெரிதாக அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். 1982-இல் வந்த சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காதின் 20,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிட்டது. சில்லுப் பெயரும் அப்படித்தான். 2020 அக்டோபரில் ஜப்பானில் டாக் சில்லு செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்து சில்லு கிடைக்காமல் போனபோது, பல தயாரிப்பாளர்கள் வேறு நிறுவனச் சில்லைப் போட்டு விற்றார்கள். எந்தச் சில்லு என்பதைவிட அதைச் சுற்றியுள்ள மின்சுற்றை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பெரிது. ஐயாயிரம் ரூபாய் யூஎஸ்பி கேபிளைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. இடது, வலது பக்கங்களுக்குத் தனித்தனி வயர் போகும் 4.4 மிமீ பேலன்ஸ்டு ஜாக் கூடுதல் பலம் தரும், அவ்வளவே. பலம் தேவையில்லாதவருக்கு அது வேறு வயர் வாங்கும் செலவு.

வாங்கிய பிறகு

புது டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் அதை வேறொரு சாதனமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் போட்டு வைத்த ஈக்வலைசர் அதில் ஓடாது. ஈக்வலைசர் ஏபிஓவின் கான்ஃபிகரேட்டரை (புதிய பதிப்பில் டிவைஸ் செலக்டர்) திறந்து புதிய பெயருக்கும் டிக் அடித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதைப் பொத்தாம் பொதுவாக அணைத்தால் சிலவற்றில் ஏபிஓவும் சேர்ந்து அணைந்துவிடும். ஈக்வலைசர் வேலை செய்யவில்லை என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

பழைய ஜாக்கையும் புது டாங்கிளையும் ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் காதுக்கு ‘தெளிவாக’, ‘பேஸாக’த் தோன்றும், தாழ்ந்த சத்தத்தில் நம் காது பேஸைக் குறைவாகவே பிடிக்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வரைந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே ஏசி வோல்ட் அளந்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். பிறகு வீட்டில் யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிப் பத்துப் பதினைந்து முறை கேட்டு, எது எது என்று சொல்லிப் பாருங்கள். சரியாகப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்க முடியவில்லை, இரைச்சலும் முன்பே இல்லை என்றால், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அனுப்பிவிட்டு அந்தக் காசில் ஹெட்போனுக்குப் புது பேட் வாங்கிப் போடுங்கள். நசுங்கிப் போன பேட்டை மாற்றினால் வரும் வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும்.